பாலம் வந்துவிட்டது, பெட்டி இன்னும் சிட்டகாங்கில் நிற்கிறது: பங்களாதேஷ் பற்றி ஒரு விவாத இழை

#1 பின்னலூரான் (திருப்பூர்), 14 செப்டம்பர் 2025, இரவு 9.40

ஆகஸ்ட் 27க்குப் பிறகு எங்கள் ஊர் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. அன்று முதல் அமெரிக்கா நமக்குப் போட்ட வரி 50 சதவீதம், பங்களாதேஷுக்கு 20. "ஆர்டர் பூராவும் டாக்காவுக்குப் போயிரும்" என்கிறார் ஒருவர். "அங்க கரண்டே இல்லீங்க, எப்படித் தைப்பான்?" என்கிறார் பக்கத்தில் இருப்பவர். இரண்டு பேரும் அந்த நாட்டைப் பார்த்தவர்கள் இல்லை. நான் 2016 கடைசியிலிருந்து 2022 வரை டாக்காவை அடுத்த காஜிப்பூரில் ஒரு பனியன் ஆலையில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் பிடித்து அனுப்பும்வரை பார்த்துக்கொள்பவன்) இருந்தவன். தெரிந்ததை எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

முதலில் நிலம். தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது, சுமார் 1,48,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் 17 கோடிப் பேர். கங்கைக்கு அங்கே பத்மா என்று பெயர், பிரம்மபுத்திராவுக்கு ஜமுனா. இரண்டும் சேர்ந்து, பிறகு மேக்னாவோடு கலந்து கடலுக்குப் போகின்றன. நாட்டின் பெரும்பகுதி இந்த ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான். வண்டல் என்றால் விவசாயிக்குச் சந்தோஷம், ரோடு போடுகிறவனுக்குத் தலைவலி. கல் கிடைப்பது அபூர்வம். நான் போன புதிதில், சாலையோரம் பெண்கள் குடை நட்டு அதன் நிழலில் உட்கார்ந்து செங்கல்லைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, ஏதோ பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சூளையிலிருந்து வந்த புதுச் செங்கல் அது! அதை உடைத்துத்தான் ஜல்லி. குளிர்காலத்தில் டாக்காவைச் சுற்றி அந்தச் சூளைகள் கக்கும் புகையில் பத்தடி தள்ளி நிற்கும் பஸ் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஜூன் 25 அன்று பத்மா பாலத்தைத் திறந்தார்கள். ஊர் திரும்பும் முன் ஒரு வெள்ளிக்கிழமை (அங்கே அதுதான் வார விடுமுறை) போய்ப் பார்த்தேன். 6.15 கிலோமீட்டர். மேலே கார், கீழே ரயிலுக்கு இடம். பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது வேறு பாலம்.

2017ல் நடந்தது. டாக்கா சிட்டகாங் நெடுஞ்சாலையை நாலு வழியாக்கி முடித்துவிட்டார்கள். ஆனால் வழியில் காஞ்ச்பூர், மேக்னா, கும்தி என்று மூன்று பாலங்கள், மூன்றும் பழைய குறுகிய பாலங்களாகவே இருந்தன. நாலு வழியில் வரும் லாரி எல்லாம் பாலத்தடியில் வந்து புனலில் ஊற்றிய எண்ணெய் மாதிரி சொட்டுச் சொட்டாகத்தான் போகும். எங்கள் கன்டெய்னர் லாரி மேக்னா பாலத்துக்கு முன்னால் ஒரு இரவும் அரை நாளும் நின்றது. துறைமுகத்தில் பெட்டி உள்ளே போகவேண்டிய கெடு முடிந்தது, பெட்டியைக் கொழும்பு கொண்டுபோகும் சின்ன ஃபீடர் கப்பல் போய்விட்டது, கொழும்பில் மதர் வெசல் என்ற பெரிய கப்பலும் தவறியது. பையர் (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்) "ஏர் அனுப்பு" என்றுவிட்டார். அந்த விமானக் கூலி, தையல் கூலியைவிட அதிகம். அந்த வருட இன்சென்டிவ் எனக்குப் பட்டை நாமம். மேக்னா, கும்தியில் இரண்டாவது பாலங்கள் 2019 மே மாதம்தான் வந்தன.

ஆயத்த ஆடை ஆலைகள் டாக்கா, காஜிப்பூர், சாவார், நாராயண்கஞ்ச், சிட்டகாங் பக்கம்தான். இதில் எந்த ஊரிலிருந்தும் சிட்டகாங் துறைமுகம் போகப் பத்மாவைக் கடக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க 30,193 கோடி டாக்காவை (ஊர் இல்லை, அந்த நாட்டு நாணயம்) அந்தப் பாலத்தில் போட்டது சரிதானா? என் கட்சி இது: அந்த நாட்டைத் தூக்கி நிறுத்தியவை சின்னச் சின்ன வேலைகள், பெரிய திட்டங்கள் வெறும் போஸ்டர். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

#2 தூண்காரன் (திருச்சி), இரவு 10.25

அடிக்கத்தான் வருகிறேன் அண்ணா. பாலக் கட்டுமானத்தில் வேலை பார்ப்பவன், கோபம் வராமல் இருக்குமா?

ஒரே ஒரு கேள்வி. உங்கள் ஆலையில் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள்?

#3 பின்னலூரான், இரவு 10.31

பாதிக்குமேல் ரங்பூர், காய்பாந்தா பக்கம். மிச்சம் மைமன்சிங், பரிசால், கொஞ்சம் பேர் உள்ளூர். ஏன்?

#4 தூண்காரன், இரவு 11.10

அதைத்தான் சொல்ல வந்தேன். ரங்பூரும் காய்பாந்தாவும் ஜமுனாவுக்கு மேற்கே. 1998ல் ஜமுனா பாலம் வரும்வரை அந்த வடமேற்கு மூலை படகை நம்பிக் கிடந்தது. அங்கே "மொங்கா" என்று ஒரு சொல் உண்டு. புரட்டாசி ஐப்பசியில், மழைக்கால ஆமன் நெல் அறுவடைக்கு வருவதற்குள், வயலில் வேலையும் இருக்காது வீட்டில் அரிசியும் இருக்காது. வருடா வருடம் வந்த பட்டினி அது. அந்த ஜனங்கள் பஸ் ஏறி டாக்கா வந்து தைக்க ஆரம்பித்ததற்குப் பாலமும் ஒரு காரணம். உங்கள் பெட்டி கடக்காவிட்டால் என்ன, அதைத் தைத்த கை கடந்து வந்திருக்கிறது.

பத்மா பற்றி: அது போஸ்டர் என்றால் உலகத்திலேயே ஆழமாக அடித்த போஸ்டர். வெள்ளத்தில் அந்த ஆறு தன் படுகையை 60 மீட்டர்வரை அரித்துத் தள்ளலாம் என்று கணக்கிட்டார்கள். இருபது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு மண் திடீரென்று காணாமல் போனால் தூண் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அதனால் 3 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய்களைச் சாய்வாக, 120 மீட்டர் ஆழம்வரை அடித்தார்கள். அடிப்பதற்கான ராட்சதச் சுத்தியல் ஜெர்மனியிலிருந்து வந்தது. பாதி வழியில் சில தூண்களின் கீழே எதிர்பார்க்காத களிமண் தட்டுப்பட, வடிவமைப்பையே மாற்றினார்கள். ஒவ்வொன்றும் 150 மீட்டர் நீளமுள்ள 41 கண்கள். உலக வங்கி ஊழல் சந்தேகம் என்று சொல்லி 2012ல் தருவதாக இருந்த 120 கோடி டாலர் கடனை ரத்து செய்தது. கனடாவில் நடந்த வழக்கில் 2017ல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். அதற்குள் அரசு சொந்தப் பணத்தில் வேலையைத் தொடங்கியிருந்தது. செலவு ஏறியது உண்மை. ஆனால் "எதற்கு இந்தப் பாலம்" என்று கேட்பது எனக்கு ஏற்கவில்லை.

#5 ஹவுரா_ஜன்னல் (கொல்கத்தா), 15 செப்டம்பர், காலை 7.15

முப்பது வருடமாகக் கொல்கத்தாவில் இருக்கிறேன். டாக்காவுக்குப் பஸ்ஸில் பலமுறை போயிருக்கிறேன். முன்பெல்லாம் பத்மா கரையில் தௌலத்தியா படித்துறையில் ஃபெரிக்கு வரிசை. ஜனவரியில் பனிமூட்டம் இறங்கினால் ஃபெரி நின்றுவிடும், எப்போது கிளம்பும் என்று படகுக்காரனுக்கே தெரியாது. தர்பூசணி லாரி ஒன்று எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று நின்று, கீழே சிவப்பாக ஒழுக ஆரம்பித்ததை நானே பார்த்தேன்.

இப்போது பாலம் நிற்கும் மாவா துறைப் பக்கம் 2014 ஆகஸ்ட்டில் பினாக் 6 என்ற லாஞ்ச் (பயணிகள் படகு) அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக் கவிழ்ந்தது. ஈத் முடிந்து டாக்கா திரும்பியவர்கள். பாலம் எதற்கு என்று அந்தக் குடும்பங்களிடம் கேட்க முடியாது.

ஆனால் பின்னலூரான் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கியபின் என்ன? தெற்கே பரிசால் போகும் ரோடு பாங்கா என்ற ஊர் தாண்டியதும் பழைய இரண்டு வழிதான். தொழிற்சாலை வரும் வரும் என்கிறார்கள், அங்கே காஸ் குழாயே போய்ச் சேரவில்லை. வந்த உடனடி மாற்றம், டாக்கா பரிசால் ராத்திரி லாஞ்ச் காலியானது. மூன்று நாலு அடுக்கு, கேபின், மீன் குழம்புச் சாப்பாடு என்று ஜகஜோதியாக ஓடிய தொழில். இப்போது முறை வைத்து ஓட்டுகிறார்கள்.

#6 கணக்குப்புலி (சென்னை), காலை 9.50

ஓய்வு பெற்ற வங்கிக்காரன், அந்நியச் செலாவணிப் பிரிவு. கல் மண் பக்கம் எனக்குத் தெரியாது. காகிதப் பக்கம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நாட்டின் முக்கியமான உள்கட்டமைப்பு ஒரு காகிதம்.

1979ல் தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற கம்பெனி 130 பேரைத் தென் கொரியாவின் புசான் நகரத்துக்கு அனுப்பியது. டேவூ ஆலையில் ஆறு மாதப் பயிற்சி. அந்தக் காலத்தில் கொரியாவுக்கு ஏற்றுமதிக் கோட்டா நெருக்கடி, கோட்டா இல்லாத நாடு அவர்களுக்குத் தேவைப்பட்டது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் தேஷை விட்டு வெளியே வந்து தனித்தனியாக ஆலை போட்டார்கள், அல்லது போட்டவர்களிடம் சேர்ந்தார்கள். நம் ஊரில் ஒரு நல்ல பட்டறையிலிருந்து பத்துப் பட்டறை பிறக்கும் இல்லையா, அதே கதை.

ஆனால் துணி வாங்கப் பணம்? இங்கேதான் பேக் டு பேக் எல்.சி. வருகிறது. எல்.சி. என்றால் சரக்கு வந்ததும் பணம் தருவோம் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம். வெளிநாட்டு பையர் உங்கள் பேரில் ஒரு எல்.சி. திறக்கிறார். அதை ஈடாக வைத்து உங்கள் வங்கி துணி சப்ளையர் பேரில் இன்னொரு எல்.சி. திறக்கும். சட்டை கப்பல் ஏறி டாலர் வந்ததும் வங்கி துணிக்காரருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை உங்களுக்குத் தரும். கைமுதல் கிட்டத்தட்டத் தேவையில்லை. கூடவே பாண்டட் கிடங்கு, அதாவது ஏற்றுமதிக்கான துணியைச் சுங்கவரி கட்டாமல் இறக்கிப் பூட்டிவைக்கும் வசதி. ஏற்றுமதிக்கு வேண்டிய துணியும் பஞ்சும் போதிய அளவு இல்லாத நாடு சட்டை விற்க ஆரம்பித்தது இப்படித்தான். சுமார் 40 லட்சம் பேர் வேலை, ஏற்றுமதியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஆடைதான்.

ஆக, பின்னலூரானின் "சின்ன வேலை" கட்சிக்கு என் ஓட்டு. ஆனால் ஒரே பண்டத்தில் எண்பது சதவீதம் என்பது ஒற்றைக்காலில் நிற்பது. இது பல வருடமாக எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்கும் விஷயம், யாரும் இரண்டாவது காலை ஊன்றவில்லை.

#7 மாயவரத்தான்_2, காலை 10.20

எல்லாம் கூலி கம்மி சார். அவ்வளவுதான். இதற்கு இவ்வளவு பெரிய கட்டுரையா?

#8 பின்னலூரான், மதியம் 1.05

மாயவரத்தாரே, கூலி கம்மி என்றால் உலகத்தில் எத்தனையோ நாடு இருக்கிறது, அங்கெல்லாம் ஏன் போகவில்லை? 2023 டிசம்பரிலிருந்து குறைந்தபட்சக் கூலி மாதம் 12,500 டாக்கா, அதற்கு முன் 8,000. குறைவுதான், மறுக்கவில்லை. அந்தக் கூலியில் காஜிப்பூரில் ஒரு அறையில் நாலு பேர் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தவன் நான். ஆனால் ஐரோப்பாவில் அவர்களுக்கு வரி இல்லை, நமக்குச் சுமார் 9 முதல் 12 சதவீதம். மிகவும் பின்தங்கிய நாடு என்ற பட்டியலில் இருப்பதால் கிடைத்த சலுகை. 2026 நவம்பர் 24 அன்று அந்தப் பட்டியலிலிருந்து வெளியேற ஐ.நா. தேதி குறித்திருந்தது. ஐரோப்பா மட்டும் 2029 வரை சலுகையைத் தொடரும். அதற்குப் பிறகுதான் உண்மையான போட்டி தெரியும்.

தூண்காரன், ரங்பூர் விஷயத்தில் தோற்றேன். ஒத்துக்கொள்கிறேன். ஈத் விடுமுறைக்கு முந்தின நாள் எங்கள் ஆலை வாசலில் வந்து நின்ற பஸ்கள் எல்லாமே ஜமுனா பாலம் போகிறவைதான். ஆறு வருடம் கண்ணெதிரே இருந்ததை யோசிக்கவே இல்லை. ஆனால் பத்மா என்ன, ஜமுனா என்ன, பெட்டி போகிற வழி இன்னும் ஒன்றுதான். அதை யாராவது பேசுங்கள்.

#9 துறைமுகத்தான் (கொழும்பு), மாலை 6.45

வணக்கம். நான் கொழும்பில் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் வேலை. இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போய்விடுவேன். பெட்டியைப் பற்றிக் கதைக்கிறபடியால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பின்னலூரான் அண்ணை தவறவிட்ட அந்த மதர் வெசல் எங்கள் பக்கம்தான் நின்றிருக்கும். சிட்டகாங் துறைமுகம் கடலில் இல்லை, கர்ணபுலி ஆற்றுக்குள் இருக்கிறது. ஆற்றில் மண் விழுந்துகொண்டே இருக்கும், தோண்டிக்கொண்டே இருக்க வேணும். கனகாலம் 9.5 மீட்டர் மிதப்பாழம்தான் (கப்பல் தண்ணீருக்குள் அமிழும் ஆழம்) அனுமதி, 2023ல்தான் 10 மீட்டர், 200 மீட்டர் நீளம் என்று உயர்த்தினார்கள். அதுவும் கடல் பெருக்கு நேரம் பார்த்து, உள்ளூர் மாலுமி ஏறி, வளைவில் மெல்லத் திருப்பிக் கொண்டுபோக வேணும். பத்துப் பதினைந்தாயிரம் பெட்டி ஏற்றும் கப்பல் அங்கே நுழைவதைக் கனவிலும் நினைக்க முடியாது. அதனால் சின்ன ஃபீடர்களில் பெட்டிகள் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவின் போர்ட் கிளாங்குக்கும் வந்து, அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். நாட்டின் கடல் வாணிபத்தில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் அந்த ஒரு ஆற்றுவாய் வழியாகத்தான்.

இப்ப பாருங்கள், டாக்காவில் ஒரு மணிநேரம் தாமதம் என்றால் அது ஒரு மணிநேரத் தாமதம் இல்லை. பெருக்கு தவறினால் அரை நாள். ஃபீடர் தவறினால் நாலைந்து நாள். மதர் தவறினால் ஒரு கிழமை. 2024 தொடக்கத்தில் செங்கடல் பிரச்சினையால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஓட, கொழும்பு இறங்குதுறையே நிறைந்து வழிந்தது. அந்த நேரம் சிட்டகாங் பெட்டிகள் இங்கே கிடந்த கிடையை நான் மறக்க மாட்டேன். அதே வருடம் ஜூலையில் மாணவர் போராட்டத்தின்போது அங்கே இணையத்தை நிறுத்தினார்கள். சுங்கம் எல்லாம் கணினியில் ஓடுவது, அதுவும் நின்றது.

மாத்தர்பாரியில் ஆழ்கடல் துறைமுகம் ஜப்பானியக் கடனில் கட்டுகிறார்கள். வந்தால் எங்களுக்கு நட்டம், அவர்களுக்கு லாபம். நேர்மையாகச் சொல்ல வேணுமெண்டால், அது இருபது வருடத்துக்கு முன்னமே வந்திருக்க வேண்டியது. முதலில் சோனாதியா தீவு என்றார்கள், அது பெரிய நாடுகளின் இழுபறியில் கைவிடப்பட்டது.

ரயில் பற்றியும் ஒரு சொல். டாக்காவிலிருந்து சிட்டகாங் ரயில் பாதை நேரே போகாது, கிழக்கே அகௌரா வரை சுற்றிப் பிறகு தெற்கே திரும்பும். அது அசாம் தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்கப் பிரிட்டிஷ்காரன் போட்ட பாதையோடு பின்னால் கொண்டுபோய் ஒட்டவைத்தது. இன்றும் பெட்டிகளில் மிகச் சிறிய பங்குதான் ரயிலில் போகிறது.

#10 தூண்காரன், இரவு 8.30

துறைமுகத்தான் சார், அருமை. ரயிலில் இன்னொரு வேடிக்கை: ஜமுனாவுக்குக் கிழக்கே பெரும்பாலும் மீட்டர் கேஜ், மேற்கே பிராட் கேஜ். ஒரே நாட்டுக்குள் இரண்டு ரயில்வே. நடுவில் மூன்று தண்டவாளம் போட்டு இரண்டையும் ஓட்டுகிறார்கள். 1998 ஜமுனா பாலத்தில் ரயிலும் போனது, ஆனால் விரிசல் கண்டபின் ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது. பக்கத்திலேயே தனி ரயில் பாலம் 2025 மார்ச்சில் திறந்தார்கள்.

#11 கணக்குப்புலி, 16 செப்டம்பர், காலை 8.10

பெரிய திட்டம் எல்லாம் நல்லது என்று இழை போய்க்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பிரேக் போடுகிறேன்.

கர்ணபுலி ஆற்றுக்கு அடியில் 2023 அக்டோபரில் சுரங்கச் சாலை திறந்தார்கள். 10,000 கோடி டாக்காவுக்கு மேல் செலவு. அந்தக் கரையில் தொழிற்பேட்டை வரும், வண்டி குவியும் என்று கணக்குப் போட்டார்கள். வண்டி வரவில்லை. சுங்கக் கட்டணத்தில் பராமரிப்புச் செலவுக்கே தேறவில்லை. பத்மாவில் ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குப் பாலம் கட்டினார்கள். இங்கே கூட்டமே இல்லாத இடத்தில் வழியை வெட்டிவிட்டுக் கூட்டத்துக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

மின்சாரம் இதைவிட மோசம். பின்னலூரானின் டீக்கடை நண்பர் "கரண்டே இல்லை" என்றது பாதி தப்பு. நிறுவுதிறன் தேவையைவிட மிக அதிகம், 27,000 மெகாவாட் பக்கம். உச்சத் தேவையோ 16,000, 17,000. இல்லாதது எரிபொருள், அதை வாங்க டாலர். சொந்த எரிவாயு வருடா வருடம் குறைகிறது. 2018ல் மகேஷ்காலித் தீவுக்கு அருகே எல்.என்.ஜி. (திரவமாக்கிய எரிவாயு) இறக்குமதி தொடங்கினார்கள். 2022 மார்ச்சில் நாடு முழுவதும் நூறு சதவீதம் மின்னிணைப்பு என்று விழா. உக்ரைன் போரில் எல்.என்.ஜி. விலை எகிற, ஜூலையில் அறிவித்த மின்வெட்டு. அக்டோபர் 4 அன்று கிரிட் (மின் கட்டமைப்பு) விழுந்து நாட்டின் பெரும்பகுதி இருட்டு. ஓடாத ஆலைக்கும் ஒப்பந்தப்படி வாடகை கட்ட வேண்டும், கபாசிட்டி சார்ஜ் என்பார்கள். நம் ஊர் மின்வாரியக் கணக்கு பார்த்தவர்களுக்குப் புதிதல்ல.

2021 ஆகஸ்ட்டில் 4,800 கோடி டாலர் வரை போன அந்நியச் செலாவணிக் கையிருப்பு அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் கரைந்தது. டாலருக்கு 86 டாக்கா என்று இருந்தது 120 ஆனது. இன்னொரு அதிர்ச்சி: 2024 ஜூலையில் மத்திய வங்கி கணக்கைத் திருத்தியபோது, அந்த நிதியாண்டின் முதல் பத்து மாத ஏற்றுமதியைக் கிட்டத்தட்ட 1,400 கோடி டாலர் கூட்டிக் காட்டியிருந்தது தெரிந்தது. ஆகவே 2024க்கு முந்தைய "அதிசய வளர்ச்சி" அட்டவணைகளை யாராவது இங்கே ஒட்ட வந்தால் தயவுசெய்து வேண்டாம்.

#12 நொய்யல்கரை (திருப்பூர்), மதியம் 12.40

சாயப்பட்டறை லேபில் வேலை செய்கிறேன். எல்லோரும் சாலையையும் கப்பலையும் பேசுகிறீர்கள். பனியனுக்குத் துணி நனைய வேண்டும், கொதிக்க வேண்டும். தண்ணீரும் காஸும்தான் எங்கள் உலகம்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்பட்டதை இங்கே பலரும் நேரில் பார்த்தவர்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு வந்தோம். அந்தச் செலவு ஒவ்வொரு கிலோ துணியிலும் உட்கார்ந்திருக்கிறது. டாக்காவைச் சுற்றி புரிகங்கா, ஷீதலக்‌ஷ்யா, துராக் மூன்றும் குளிர்காலத்தில் மை மாதிரி ஓடும் என்பார்கள். அங்கே சுத்திகரிப்பு நிலையம் சட்டப்படி கட்டாயம். ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நேரமும் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி டாக்காவில் மட்டம் வருடத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. மூன்று பெரிய ஆறு ஓடும் நாட்டில் போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டபோது நம்பவில்லை. பின்னலூரான் அண்ணா, நீங்கள் சொல்லுங்கள், உங்கள் ஆலையில் எப்படி?

#13 பின்னலூரான், மாலை 5.20

தங்கச்சி, போர்தான். ஆற்றுத் தண்ணீரைச் சாயத்துக்கு ஏற்ற மாதிரி சுத்தம் செய்யும் செலவைவிடப் பம்பு ஓட்டுவது மலிவு. எங்கள் ஆலையில் சுத்திகரிப்பு நிலையம் ஓடியது, பையர் ஆடிட்டுக்கு வருவார். பக்கத்துக் காம்பவுண்டில் என்ன நடந்தது என்று நான் சாட்சி சொல்ல முடியாது, வாய்க்கால் நிறத்தை மட்டும் பார்த்தேன்.

காஸ் பற்றி நீங்கள் சொன்னதும் சரிதான். காஜிப்பூரில் பல ஆலைகள் கிரிட்டை நம்புவதில்லை, சொந்தமாகக் காஸ் ஜெனரேட்டர் வைத்திருக்கின்றன. குழாயில் அழுத்தம் இறங்கினால் பாய்லரும் போச்சு, ஜெனரேட்டரும் போச்சு. பிற்பகலில் அழுத்தமானி முள் கீழே சாய ஆரம்பிக்கும்போது சாய மாஸ்டர் முகத்தைப் பார்க்க வேண்டும், பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாதிரி. 2025 ஏப்ரலில் புது ஆலைகளுக்குக் காஸ் விலையை ஒரு கன மீட்டர் 30 டாக்காவிலிருந்து 40க்கு ஏற்றினார்கள். நம் ஆர்டர் எல்லாம் நாளைக்கே அங்கே போய்விடும் என்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்கட்டும்.

#14 ஹவுரா_ஜன்னல், மாலை 6.00

நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியப் பருத்தி நூலுக்கு வங்கதேசம் மிகப் பெரிய வாடிக்கையாளர். 2025 ஏப்ரலில் அவர்கள் பெனாபோல் உள்ளிட்ட தரைவழிச் சோதனைச் சாவடிகளில் இந்திய நூல் வருவதை நிறுத்தினார்கள். அதே ஏப்ரலில் நாம் அவர்களுடைய சரக்கு நம் விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மூன்றாம் நாட்டுக்குப் போகும் வசதியை நிறுத்தினோம். மே மாதம் அவர்களுடைய ஆடை தரைவழியே நம் நாட்டுக்குள் வரக் கூடாது என்றோம். எல்லையில் நம் பக்கம் உள்ள பெட்ராபோலில் எனக்குத் தெரிந்த டிரான்ஸ்போர்ட்காரர் இப்போது டீக்கடை வைக்கலாமா என்று யோசிக்கிறார். 1996 கங்கை நீர் ஒப்பந்தம் முப்பது வருடத்துக்கு, அது 2026 டிசம்பரில் முடிகிறது. ஃபராக்கா அணைப் பேச்சு வேறு திரும்ப எழும்.

#15 மாயவரத்தான்_2, மாலை 6.20

சரி சரி, கூலி மட்டும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராணா பிளாசாவை ஒருத்தரும் சொல்லவில்லையே?

#16 பின்னலூரான், இரவு 9.15

சொல்லியிருக்க வேண்டும். 2013 ஏப்ரல் 24, சாவார். எட்டு மாடிக் கட்டடம், முந்தின நாளே விரிசல். கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது, மேலே தைக்கிறவர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து செத்தவர்கள் 1,134 பேர். நான் சேர்ந்தபோதும் எங்கள் ஆலையின் பழைய ஆட்கள் தூணில் ஒரு கீறல் கண்டால் விரலை வைத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வந்த அக்கார்ட் (பையர்களும் தொழிற்சங்கங்களும் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம்) சோதனையில் தீயணைப்புக் கதவு, கூடுதல் படிக்கட்டு, தூண்களுக்குப் பலம் சேர்ப்பது என்று நிறைய மாறியது. பணம் பெரும்பாலும் ஆலை முதலாளி கையிலிருந்து, பையர் விலையை ஏற்றித் தரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

#17 தூண்காரன், இரவு 10.40

"சின்ன வேலை" கட்சிக்கு எதிரியான நானே அதற்கு ஒரு பாயின்ட் தருகிறேன். 1970 நவம்பர் 12 போலா புயலில் செத்தவர்கள் மூன்று முதல் ஐந்து லட்சம். 1991 புயலில் சுமார் 1,38,000. 2007 சித்ர் புயலில் மூவாயிரத்துச் சொச்சம். 2020 அம்பானில் அந்தப் பக்கம் சில பத்துப் பேர். கடற்கரை அதே கடற்கரை, ஜனம் நிறையக் கூடியிருக்கிறது. செய்தது என்ன? தூண்மேல் நிற்கும் இரண்டு மாடிக் கட்டடம். சாதாரண நாளில் ஆரம்பப் பள்ளி, புயல் நாளில் ஊர் மொத்தத்துக்கும் தங்குமிடம், சிலவற்றில் மாடு ஏறச் சாய்தளமும் உண்டு. அப்புறம் மெகாஃபோனும் கொடியும் பிடித்து வீடு வீடாகப் போகும் தொண்டர்கள், 1972லிருந்து.

அதேபோல் எல்.ஜி.இ.டி. என்ற உள்ளாட்சிப் பொறியியல் துறை. அதை வளர்த்தவர் கம்ருல் இஸ்லாம் சித்திக் என்ற பொறியாளர். கிராமத்திலிருந்து பக்கத்துச் சந்தைக்கு ஒரு ரோடு, சந்தையில் ஒரு கொட்டகை, வாய்க்கால்மேல் ஒரு சின்னப் பாலம். பெரும்பாலும் பின்னலூரான் சொன்ன அதே செங்கல்தான். அந்த ரோட்டில்தான் டீசல் பம்பும் உரமும் உள்ளே போயின, பாசனத்தில் விளையும் போரோ நெல் வெளியே வந்தது. 1971ல் சுமார் 1 கோடி டன்னாக இருந்த அரிசி விளைச்சல் இன்று 4 கோடி டன் பக்கம்.

ஆனால் ஜமுனாவில் பாலம் இல்லாமல் அந்த வடமேற்கு மூலையின் உருளைக்கிழங்கும் நெல்லும் எங்கே போயிருக்கும் என்ற கேள்வியை நான் விடப்போவதில்லை.

#18 புதுவரவு_கரூர், 17 செப்டம்பர், காலை 11.00

அண்ணன்களுக்கு வணக்கம். டெக்ஸ்டைல் படித்துவிட்டு இங்கே மூன்று வருட அனுபவம். நாராயண்கஞ்சில் ஒரு ஆலையில் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

#19 பின்னலூரான், மதியம் 2.30

தம்பி, போகலாம், கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. முதலில் வேலை அனுமதி அவர்கள் எடுத்துத் தர வேண்டும். டூரிஸ்ட் விசாவில் வா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சம்பளம் டாலரிலா டாக்காவிலா, ஊருக்கு அனுப்ப வங்கி வழி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நான் இருந்தபோதே டாக்கா நாணயத்தின் மதிப்பு விழ ஆரம்பித்திருந்தது, கையில் கிடைத்தது ரூபாயில் சுருங்கிப்போனது. ஆலையில் காஸ் இணைப்பு எவ்வளவு, மாற்று டீசல் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டால் உங்களை விவரம் தெரிந்தவன் என்று நினைப்பார்கள். நாராயண்கஞ்ச் பின்னலாடை ஊர், நமக்கு அந்நியமாகத் தெரியாது. இரண்டு மாதத்தில் வங்காளம் கொஞ்சம் பேசிவிடுங்கள், லைனில் சூப்பர்வைசர் உங்களை மதிப்பது அதற்குப் பிறகுதான். சோறு பிரச்சினையே இல்லை, மீன் பிடிக்குமானால் கவலையே வேண்டாம்.

முதல் நீண்ட விடுமுறையில் பரிசால் போய்வாருங்கள். போகும்போது பத்மா பாலத்தில் பஸ், மூன்றரை மணி நேரம். திரும்பும்போது ராத்திரி லாஞ்ச்சில் கேபின் எடுங்கள், விடியும்போது டாக்காவின் சதர்காட் துறையில் இறக்கிவிடுவான். ஹவுரா_ஜன்னல் சொன்ன மாதிரி முறை வைத்துத்தான் ஓடுகிறது, அன்றைக்கு எந்த லாஞ்ச் என்று முதல் நாளே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.